திட்டம் முடிந்ததும் குழுவும் முடிகிறது: ஊர்ச் சங்கத்திடம் காசைக் கொடுப்பதா, வேண்டாமா?

குளக்கட்டு (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் களவேலை பார்க்கிறேன், எந்த நிறுவனம் என்று கேட்க வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வேலை. புதிதாக ஒரு திட்டம் வரப்போகிறது. காகிதத்தில் பார்த்தால் அருமை. ஊருக்கென்று ஒரு தொகை, எதைச் செய்வது என்று ஊரே முடிவெடுக்கும், ஊரே செய்யும், கணக்கையும் ஊரே பார்க்கும். பதாகையில் "சமூகம் வழிநடத்தும் அபிவிருத்தி" என்று போடுவார்கள், கூடவே "தாங்குதிறன்" (resilience) என்றும் ஒரு சொல் இருக்கும், அது இல்லாமல் இப்போது எந்தப் பதாகையும் வருவதில்லை.

2009 இற்குப் பிறகு மீள்குடியேறிய ஊர்களில் இப்படி எத்தனையோ குழுக்களை அமைத்தாயிற்று. தண்ணீர்க் குழு, வீட்டுக் குழு, அனர்த்த முகாமைத்துவக் குழு, வாழ்வாதாரக் குழு என்று. அண்மையில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் தன் வீட்டு அலுமாரியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்த கூட்டக் குறிப்பேடு வரிசையாக அடுக்கியிருக்கிறது, எல்லாவற்றிலும் முதல் சில பக்கங்களில் வரவுக் கையெழுத்து, பிறகு வெறும் தாள். ஒன்றின் பின்பக்கத்தில் பேரப்பிள்ளை பெருக்கல் வாய்பாடு எழுதிப் பழகியிருக்கிறது. குறிப்பேடுதான் வேறு வேறு, கையெழுத்து வைத்த ஆட்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே ஆட்கள்.

நான் கேட்பது இதுதான். சண்டை நடந்த இடத்தில் ஊர்ச் சங்கத்திடம் காசைக் கொடுத்தால் ஊர் எழும்புமா, அல்லது இதுவும் இன்னொரு குறிப்பேடா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பனிக்கால மச்சான் (மொன்றியல்)

இதில் யோசிக்க என்ன இருக்கிறது மச்சான்? நடுவில் நிற்கிறவர்களை வெட்டுங்கள். வாகனம், சம்பளம், ஹோட்டலில் பயிற்சிப்பட்டறை, அறிக்கை அச்சடிக்கிறது எல்லாம் போக ஊருக்கு வந்து சேர்வது எவ்வளவு? நாங்கள் இங்கே ஊர்ச் சங்கம் வைத்து நேரே அனுப்புகிறோம், பள்ளிக்கூடத்துக்கு மதில், கோயிலுக்குத் தேர்முட்டி, விளையாட்டுக் கழகத்துக்கு மைதானம், எல்லாம் நடந்துதான் இருக்கிறது.

நெய்தல் (பூநகரிப் பக்கம்)

தேர்முட்டி நன்றாகத்தான் இருக்கும் தம்பி. அதைக் கட்டச் சொல்லி ஊரில் யாரிடம் கேட்டீர்கள் என்றும் எழுதுங்கள்.

தாமிரபரணி (நெல்லை)

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன், தெரியாமல்தான் கேட்கிறேன். கிராம அபிவிருத்திச் சங்கம் என்றால் எங்கள் ஊராட்சி மாதிரியா? தேர்தலில் வருகிறவர்களா?

குளக்கட்டு

இல்லை அண்ணா. எங்களுக்கு வாக்குப்போட்டுத் தெரிவாகி வருவது பிரதேச சபைதான், அது பல ஊர்களுக்குச் சேர்த்து ஒன்று. அதுவும் 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே மாதம் மறுபடி தேர்தல் வரும்வரை மக்கள் பிரதிநிதி இல்லாமல் அதிகாரிகள்தான் நடத்தினார்கள். ஊர் மட்டத்தில் இருப்பவை சங்கங்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலையம், மரண உதவிச் சங்கம். இவை எல்லாம் பதிவு செய்தவை, பொதுக்கூட்டம் கூட்டி நிர்வாகம் தெரிவு செய்ய வேண்டும். சில ஊர்களில் உண்மையாகவே கூட்டுவார்கள். சில ஊர்களில் தலைவர் பதவி ஒரே வீட்டுக்குள் சுற்றும்.

எண்கணக்கன்

இந்தக் கேள்விக்கு வெளிநாடுகளில் செய்து பார்த்த பதில்கள் இருக்கின்றன, பலகாலம் வாசித்தவன் என்பதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பெரிய உதாரணம் ஆப்கானிஸ்தான். 2003 இல் தேசிய ஒற்றுமைத் திட்டம் என்று தொடங்கினார்கள். ஊர் மக்கள் இரகசிய வாக்கெடுப்பில் ஒரு அபிவிருத்தி சபையைத் தெரிவு செய்ய வேண்டும், பெண்களுக்கும் இடம் வேண்டும், குடும்பத்துக்கு 200 டாலர் கணக்கில், ஊருக்கு உச்சமாக 60,000 டாலர்வரை கிடைக்கும். கிணறா, றோட்டா, மின்சாரமா என்று ஊரே தீர்மானிக்கும். நாட்டின் பெரும்பாலான கிராமங்களுக்குப் போன திட்டம் இது. 500 ஊர்களை எடுத்து, பாதிக்கு முதலில் கொடுத்து, பாதியைக் காக்க வைத்து, வித்தியாசத்தை அளந்தார்கள். குடிதண்ணீரும் மின்சாரமும் கூடியிருந்தன, பெண்கள் ஊர்க் காரியத்தில் பேசுவதை ஆண்கள் ஏற்றுக்கொள்வதும் கூடியிருந்தது. நீர்ப்பாசனத்திலும் றோட்டிலும் சொல்லும்படி ஒன்றும் இல்லை. அரசாங்கத்தின் மேல் வந்த நல்லெண்ணம் வேலை முடிந்து காசு நின்றதும் மங்கிப்போனது.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. 2011 இல் அதே ஊர்களில் கோதுமை நிவாரணம் பங்கிட்டார்கள். சில ஊர்களில் "தெரிவான சபைதான் பங்கிட வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், அங்கே கோதுமை போக வேண்டிய ஏழைகளுக்கு ஓரளவு போய்ச் சேர்ந்தது. மற்ற ஊர்களில் யார் பொறுப்பு என்று சொல்லவில்லை. அங்கே புதிய சபையும் இருந்தது, பழைய பெரியவர்களும் இருந்தார்கள், கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டலாம். அப்படிப்பட்ட ஊர்களில் நடுவில் எடுத்தது, சபையே இல்லாத ஊர்களைவிடக் கூடுதல்.

குளக்கட்டு

கடைசிப் பந்தியை எங்கள் தலைமையகத்தில் சட்டம் போட்டுத் தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் புதுக்குழு அமைக்கும்போது பழைய சங்கத்துக்கு என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

எண்கணக்கன்

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சியரா லியோனில் உள்நாட்டுச் சண்டை 2002 இல் முடிந்த பிறகு கோபிஃபோ என்ற திட்டம் வந்தது. இருநூற்று முப்பதுக்கு மேற்பட்ட ஊர்கள், சீட்டுக் குலுக்கிப் பாதி ஊர்களுக்கு மட்டும் ஏறக்குறைய 5,000 டாலர்வீதம் காசு, அதோடு பெண்களையும் இளைஞர்களையும் கூட்டத்தில் பேச வைக்க நீண்ட பயிற்சி. நாலு வருடம் கழித்து, பயிற்சியால் ஊர் மாறிவிட்டதா என்று எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? எல்லா ஊர்களுக்கும் ஒரு பெரிய தறப்பாளை (தார்ப்பாயை) இலவசமாகக் கொடுத்துவிட்டு, சில மாதம் கழித்துத் திரும்பிப் போனார்கள். தறப்பாள் எங்கே இருக்கிறது, நெல் காயப்போட ஊரே பாவிக்கிறதா, ஒருவர் வீட்டுக்குள் போய்விட்டதா, யார் கூடி முடிவெடுத்தார்கள் என்று பார்த்தால், பயிற்சி கிடைத்த ஊருக்கும் கிடைக்காத ஊருக்கும் வித்தியாசமே இல்லை. கட்டடங்களும் வியாபாரமும் திட்டம் போன ஊர்களில் கூடியிருந்தன, அது உண்மை. ஊர் கூடி முடிவெடுக்கும் முறைதான் அசையவில்லை.

நெய்தல்

தறப்பாளைப் பற்றி வன்னிச் சனத்திடம் கேட்டிருந்தால் விமானச் செலவு மிஞ்சியிருக்கும் தம்பி. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஒரு தறப்பாளை எத்தனை தரம் கழற்றிக் கட்டியிருப்போம், அதற்குள் எத்தனை குடும்பம் படுத்திருக்கும். சண்டை முடிந்தபோது எங்களை வைத்திருந்த மனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசை எப்படி நிற்பது, யார் வீட்டுக் கிழவிக்கு யார் குடத்தைத் தூக்கிக்கொடுப்பது என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தரவில்லை. பிறகு ஊருக்குத் திரும்பினால், "ஒற்றுமையாக வாழ்வது எப்படி" என்று வெள்ளைத்தாளைச் சுவரில் ஒட்டி மார்க்கரால் எழுதச் சொல்கிறார்கள்.

ஊர் தானாக எடுத்த முடிவுக்கு நான் ஒரு உதாரணம் சொல்கிறேன். பூநகரிப் பக்கத்துக் கடலில் இருக்கிற இரணைதீவு. 1992 இல் அந்தச் சனம் தீவை விட்டு வெளியேற வேண்டி வந்தது, பெருங்கரையில் இரணைமாதா நகரில் இருந்தார்கள். தீவில் கடற்படை. சண்டை முடிந்தும் விடவில்லை. 2017 மே முதலாம் திகதி போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், பெண்கள்தான் முன்னால். ஒரு வருடம் ஆகப்போகிறது, பதில் இல்லை. 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி, படகுகளில் வெள்ளைக்கொடி கட்டி, தாங்களாகவே போய் இறங்கினார்கள். கோயிலில் போய் மன்றாடினார்கள், திரும்பி வரமாட்டோம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் பேசத் தொடங்கினார்கள்.

பாதை, வைத்தியம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் பிறகும் அலைச்சல்தான், பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு காலைக் கரையில் வைத்துக்கொண்டுதான் பல குடும்பங்கள் தீவில் தொழில் செய்தன. நண்டும் கடலட்டையும் பிடித்துச் சீவிக்கிற சனம் தீவைத் தானாக மீட்கலாம், வைத்தியரைத் தானாக நியமிக்க முடியுமா? தாங்குதிறன் தாங்குதிறன் என்று எழுதுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அரசாங்கம் செய்ய வேண்டியதை எல்லாம் சனத்தின் தலையில் கட்டிவிட்டு, "பார், எப்படித் தாங்குகிறார்கள்" என்று படம் எடுக்கிறார்கள்.

பனிக்கால மச்சான்

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தேர்முட்டி விஷயம் ஊரில் கேட்டுத்தான் செய்தோம், கோயில் நிர்வாகம்தான் கேட்டது.

நெய்தல்

அதைத்தான் நானும் சொன்னேன்.

கூரைத்தகரம் (முல்லைத்தீவு)

வீட்டுத் திட்டங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். சனத்தின் கையில் காசைக் கொடுத்துச் செய்த பெரிய வேலை அதுதான்.

இந்திய வீட்டுத்திட்டம் மொத்தம் 50,000 வீடு, அதில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும். முதல் 1,000 வீட்டை ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டினார்கள், 2012 இலிருந்து பெரும்பகுதியை வீட்டுக்காரரே கட்டும் முறைக்கு மாற்றினார்கள். ஐந்தரை லட்சம் ரூபாய், கட்டம் கட்டமாக வங்கிக்கு வரும், அத்திவாரம் முடிந்தால் அடுத்தது, சுவர் எழும்பினால் அடுத்தது. 550 சதுர அடி. வீட்டுக்காரன் கையில் காசு இருந்தபடியால் கல்லைத் தட்டிப் பார்த்து வாங்கினான், மேசன் கலவையில் சீமெந்தைக் குறைத்தால் பக்கத்தில் நின்று கத்தினான். 65,000 இரும்பு வீடு என்று பின்னாளில் ஒரு யோசனை வந்தது நினைவிருக்கும், ஒன்று ஏறக்குறைய 21 லட்சம், வெளிநாட்டுக் கம்பனி கொண்டுவந்து பூட்டித்தரும். எங்கள் வெயிலுக்கு அது சரிவராது, அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம், ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலையும் கிடைக்கும் என்று பலர் எதிர்த்தார்கள். அது நினைத்தபடி நடக்கவில்லை.

ஆனால் எல்லாம் நல்லது என்று சொல்லவரவில்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டுத் திட்டம் வந்தது, எது என்று வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கினால் என்ன நடக்கும்? மணல் விலை ஏறியது, மேசன் கூலி ஏறியது, பெர்மிட் இல்லாமல் மணல் எடுக்க முடியாது. அத்திவாரக் காசு வரும்போது இருந்த கணக்கு கூரைக்கு வரும்போது காணாது. என் சித்தி காதில் கிடந்ததையும் அடகு வைத்துத்தான் கூரை போட்டார். இரண்டாம் கட்டக் காசை வாங்க, கட்ட வேண்டியதைக் கட்டிக் காட்ட வேண்டும், கட்டுவதற்குக் கையில் காசு வேண்டும், அதற்குத்தான் கடன். புருஷன் இல்லாத வீடுகளில் இது இன்னும் மோசம். "மக்கள் பங்களிப்பு" என்று அத்திவாரம் வெட்டுவதை வீட்டுக்காரரே செய்ய வேண்டும் என்பார்கள், அந்தப் பெண் கூலிக்கு ஆள் பிடித்துத்தான் பங்களிப்புச் செய்தார். அறிக்கையில் அது உழைப்பு என்று வரும், அவருக்கு அது கடன்.

நெய்தல்

கூரைத்தகரம் தம்பி கடன் என்று எடுத்தபடியால் மிச்சத்தையும் சொல்கிறேன். சண்டைக்குப் பிறகு நிறுவனங்கள் பெண்களைக் குழு குழுவாக ஆக்கின, ஐந்து பேர், பத்துப் பேர், ஒருவருக்கு ஒருவர் துணை என்று. பின்னால் வந்த நுண்கடன்காரர் அந்தக் குழுவை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கிழமையில் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்து முற்றத்தில் உட்கார்ந்தால் காசு வாங்காமல் எழும்ப மாட்டார்கள். ஒன்றைக் கட்ட இன்னொன்றில் எடுப்பது, அதைக் கட்ட மூன்றாவது. தறப்பாளுக்குள் ஒன்றாகப் படுத்தவர்கள் தவணைக்காக ஒருவர் வாசலில் ஒருவர் போய்ச் சண்டை பிடித்தார்கள். ஊர் உடைந்தது என்றால் எங்களுக்கு ஷெல்லடித்த நேரம் நினைவுக்கு வரும், ஆனால் முகம் பார்க்காமல் போனது இந்தக் காலத்தில்தான்.

2018 இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம்வரையான கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வட்டிக்கு 35 வீதம் உச்சம் என்றார்கள், 35 வீதம் உச்சம் என்று சொல்லவேண்டி வந்தது என்றால் அதற்கு முன் என்ன இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். தள்ளுபடி சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கடன் ஒரு லட்சத்துக்கு மேல், சிலர் எடுத்த கம்பனி பட்டியலில் இல்லை. தாக்குப்பிடித்த இடங்களில் பார்த்தால் பழைய சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இருந்தது. சண்டைக்கு முன்பே இருந்த சங்கம், வட்டியும் உறுப்பினரிடமே திரும்பி வரும்.

கடைவாய்க்கால்

நான் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் பயிர் செய்கிறவன். எல்லோரும் "ஊர்" "ஊர்" என்று எழுதுகிறீர்கள், அது ஒரே ஆளின் பெயர் போல. சிறுபோகத்துக்கு, அதாவது மழையில்லாத காலத்து நெல்லுக்கு, எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்கு ஒரு தரம் வந்து பாருங்கள். குளத்தில் தண்ணீர் மட்டம் இவ்வளவு அடி, ஆகவே இவ்வளவு ஏக்கருக்குத்தான் கட்டும் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்லி முடிக்கும் முன்பே சத்தம் தொடங்கும். தலைவாய்க்கால்காரனுக்கு ஒரு கணக்கு, கடைசியில் இருக்கிற எனக்கு ஒரு கணக்கு. ஆனால் அந்தக் கூட்டம் நடக்கும், வருடாவருடம் நடக்கும், ஏனென்றால் அங்கே பேசாவிட்டால் வயல் காயும். நிறுவனம் நடத்துகிற கூட்டத்துக்கு வராவிட்டால் ரோல்ஸும் தேநீரும்தான் போகும்.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுவிலிருந்து குடிதண்ணீர் கொண்டுபோகிற திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் காசில் வந்தபோது கமக்காரர் அமைப்புகள் எதிர்த்தன. சிறுபோகத்துக்கே காணாத தண்ணீர் என்பது எங்கள் நியாயம். உப்புக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற யாழ்ப்பாணத்தானுக்கும் நியாயம் இருந்தது. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று மாறி, 2024 இல் திறந்தார்கள். இரண்டு பக்கமும் சமூகம்தான், எந்தச் சமூகம் வழிநடத்துவது?

அப்புறம் ஒன்று, இதை எங்கள் ஆட்கள் பேச விரும்ப மாட்டார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறிய சனம் எத்தனையோ. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல் கிடையாது, எங்கள் வயலில் கூலிக்கு வருவார்கள். வாய்க்கால் திருத்த வேண்டும் என்று "ஊர்" ஏகமனதாகத் தீர்மானித்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? கூட்டத்துக்கு அவர்கள் வராதது விருப்பமில்லாமல் இல்லை, பகலில் கூட்டம் வைத்தால் அன்றைய கூலி போகும்.

தாமிரபரணி

இங்கேயும் அதே கதைதான், கிராமசபைக் கூட்டத்தில் காலனிக்காரர்கள் பின்னால் நிற்பார்கள். படிக்கப் படிக்க ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

எண்கணக்கன்

கடைவாய்க்கால் அண்ணைக்கு ஒரு துணைச் செய்தி. பிலிப்பைன்ஸில் களாகி-சிட்ஸ் என்று இதே வகைத் திட்டம் ஒன்று இருந்தது. கிளர்ச்சி நடக்கும் பகுதிகளில் அந்தத் திட்டத்துக்குத் தகுதியான நகராட்சிகளில் மோதல் கூடியதாக ஓர் ஆய்வு சொன்னது, அதுவும் காசு வருவதற்கு முன், ஆயத்தக் கட்டத்திலேயே. திட்டம் வெற்றி பெற்றால் மக்கள் அரசு பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று கிளர்ச்சிக்காரர் குழப்ப முயன்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் விளக்கம். ஆகவே சண்டை ஓயாத இடத்தில் ஊருக்குக் காசு கொடுப்பதும் ஒரு பக்கம் எடுப்பதுதான்.

குளக்கட்டு

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இப்போது ஓரளவு தெளிவாகிவிட்டது. வரப்போகும் திட்டத்துக்கு நான் எழுதிக்கொடுக்கப் போவதைப் போடுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

புதுக்குழு வேண்டாம். ஊரில் எந்தச் சங்கம் கூடுகிறதோ, கணக்கு வாசிக்கிறதோ அதனிடமே கொடுப்பது, யார் பொறுப்பு என்று எழுத்தில் வைப்பது. மாதர் சங்கம் உள்ள இடத்தில் இரண்டு கையெழுத்தில் ஒன்று அவர்களுடையது. காசு வந்தது, போனது இரண்டையும் சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிக்கும் மேசைக்கு மேலே ஒட்டுவது. கூட்டம் இரவில் அல்லது ஞாயிறு. உழைக்க ஆள் இல்லாத குடும்பத்திடம் சிரமதானப் பங்கு (கூலியில்லாத உழைப்பு) கேட்பதில்லை. கட்டிக் காட்டினால்தான் அடுத்த தவணை என்பதை மாற்றி, ஒரு கட்டத்துக்குரிய காசை முன்கூட்டியே கொடுப்பது, பொருள் விலை ஏறினால் தொகையும் ஏறுவது. வயல் இல்லாத குடும்பங்களுக்கு ஒரு பங்கை முதலே ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குத்தான் ஊர் வாக்கெடுப்பது. இந்தக் கடைசி அம்சத்துக்குத்தான் சண்டை வரும்.

கூரைத்தகரம்

ஒன்று விட்டுவிட்டீர்கள் அண்ணை. சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரன் வேலை செய்கிற கதை. சங்கம் கையெழுத்து வைக்கும், அவன் றோட்டுப் போடுவான், சங்கத்துக்குச் சின்னத் தொகை, முதல் மாரிக்கே றோட்டு கழன்றுவிடும். அதைத் தடுக்க வழி எழுதவில்லை.

குளக்கட்டு

கூலிப் பட்டியலையும் ஒட்டச் சொல்லலாம். யார் யார் வேலை செய்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று பெயரோடு. ஊரில் இல்லாத பெயர் இருந்தால் சனமே கண்டுபிடிக்கும்.

கடைவாய்க்கால்

பெயரோடு ஒட்டினால் அவரவர் வாங்கிய கூலியை நுண்கடன்காரனும் வாசிப்பான். பட்டியலைச் செயலாளரிடம் வைத்து, கேட்கிற உறுப்பினருக்குக் காட்டினால் போதும். வயல் இல்லாதவர்களின் பங்கைப் பொதுக்கூட்டத்தில் நீங்கள் சொல்லும்போது நான் எழும்பி ஆதரிப்பேன், எங்கள் வாய்க்கால்காரர் இரண்டு மூன்று பேரும் எழும்புவார்கள் என்று நினைக்கிறேன். தலைவாய்க்கால்காரர் எழும்ப மாட்டார்கள், அவர்களை முதல் நாளே தனியாகப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

நெய்தல்

பார்க்கப் போகும்போது மாதர் சங்கத் தலைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் தலைமையகம் "புதிதாக அமைத்த குழுக்களின் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் வைத்திருக்குமே அறிக்கைப் படிவத்தில், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

குளக்கட்டு

அதில் பூச்சியம் என்று போடப்போகிறேன் அக்கா. திட்ட முகாமையாளர் என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுகிறேன்.